நிழலில்லா நாளின் கணக்கு

சென்னை மாநகருக்குள் காடு என்று கணக்கில் வந்த பரப்பு 2011இல் 18.02 சதுர கிலோமீட்டர். 2021இல் அது 22.70. பத்தே ஆண்டில் 26 சதவீதம் கூடியிருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2022 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஏழு பெருநகரங்களை வரிசையாக நிறுத்தி ஒப்பிட்ட அட்டவணையில் உள்ள எண்கள் இவை.

அதே பத்தாண்டின் நடுவில்தான், 2016 டிசம்பர் 12ஆம் தேதி, வர்தா புயல் இந்த ஊருக்குள் புகுந்து போனது. மறுநாள் காலை செனாய் நகரில் எங்கள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக, படுத்துக் கிடந்த மரங்களின் மேல் ஏறித்தான் போக வேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. அடுத்த வீட்டுப் பாட்டி வாசலில் நின்றபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கல்யாணமாகி வந்தபோது நட்ட பூவரசு அதில் ஒன்று. ஊர் முழுக்க ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. வேரோடு பெயர்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தை நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவ்வளவு பெரிய மரத்துக்கு வேர் ஆழமாக இறங்கவே இல்லை. தார்ச் சாலைக்கும் நடைபாதைக் கல்லுக்கும் இடையில் கிடைத்த கொஞ்ச மண்ணில் தட்டையாகப் படர்ந்திருந்தது.

அத்தனை மரம் போன பத்தாண்டில் பசுமை எப்படிக் கூடியது? நான் ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை. முப்பது வருஷத்துக்கு மேல் வரைபடமும் அளவுகோலும் சொல்லிக் கொடுத்தவள். இந்தக் கேள்வியைச் சும்மா விட மனம் வரவில்லை.

விடை அந்தக் கணக்கு போடப்படும் விதத்திலேயே இருக்கிறது. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்குக் குறையாத நிலமாக இருக்க வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கையாவது மரக்கிளைகள் மேலே மூடியிருக்க வேண்டும். அப்படியானால் அது காடு. என்ன மரம், யாருடைய நிலம் என்பதெல்லாம் பார்ப்பதில்லை. மாந்தோப்பும் சேரும், சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் புறம்போக்கும் சேரும். தெருவோரத்தில் தனித்தனியாக நிற்கும் மரம் பெரும்பாலும் இதற்குள் வராது. அவற்றுக்கு வேறொரு மதிப்பீடு உண்டு, அது மாநில அளவில் மாதிரி எடுத்துப் போடுவது. எங்கள் தெருவின் தூங்குமூஞ்சியும் பூவரசும் நின்றபோதும் இந்த எண்ணில் இல்லை. அதனால் விழுந்தபோதும் இந்த எண் குறையவில்லை.

அறிக்கையைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வைத்துக் காட்டைக் கணக்கிடுவது பெரிய வேலை, தேவையான வேலையும்கூட. ஆனால் அந்த அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு எந்த நகரம் பசுமையானது, எது வறண்டது என்று பேசும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மும்பைக்கு 110.77 சதுர கிலோமீட்டர் என்கிறார்கள். மாநகர எல்லைக்குள் சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்ற ஒரு பெருங்காடு இருக்கும் ஊர் அது. டெல்லிக்கு 194.24. அங்கே ஆரவல்லி மலைத்தொடரின் முனை ஊருக்குள்ளேயே இறங்கிக் கிடக்கிறது. கொல்கத்தாவுக்கு வெறும் 1.77. அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர்கள் அது மரமே இல்லாத ஊர் என்று நினைத்துவிடுவார்கள். தென் கொல்கத்தாவின் சாலைகளில் ஒரு தடவை நடந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஹைதராபாத் 33.15இலிருந்து 81.81க்குப் போயிருக்கிறது. நம் ஊருக்கு எல்லையே மாறியது. 2011 அக்டோபரில் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துக்கொண்டபோது, ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டராக இருந்த மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்து ஓர் ஊர் ஒரே இரவில் பச்சையாகவும் ஆகலாம், வெளுத்தும் போகலாம்.

22.70 சதுர கிலோமீட்டரை 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 66 லட்சம் சொச்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 3.4 சதுர மீட்டர் வருகிறது. அந்தப் பங்கில் கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரும் அடக்கம். கிண்டியில் மான் நிற்கும் நிழல், அமைந்தகரையில் காய்கறிக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மூச்சு வாங்குகிற அம்மாவுக்கு எட்டாது. தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்லும்போது அது எட்டிவிட்டதாக ஓர் எண்ணம் வந்துவிடுகிறது.

எண்பதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக மரம் அளக்கப் போவேன். துணிக்கடையில் வைத்திருக்கும் தையல் நாடா, ஓரடி மர ஸ்கேல், கிராஃப் தாள், சாக்பீஸ். கருவி அவ்வளவுதான். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது நெஞ்சுயரத்தில், அடிமரத்தைச் சுற்றி நாடாவைப் பிடித்துச் சுற்றளவு எடுப்போம். காடு அளப்பவர்கள் உலகமெங்கும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் அளக்கிறார்கள். பிறகு ஒரு பெண் மரத்தின் கிழக்குக் கிளை நுனிக்கு நேர் கீழே நிற்பாள், இன்னொருத்தி மேற்கு நுனிக்குக் கீழே. இருவருக்கும் நடுவே உள்ள தூரம் கிளை விரிவு. அதையே வடக்குத் தெற்காகவும் அளந்து சராசரி எடுக்க வேண்டும். தூங்குமூஞ்சி மரத்துக்கு நாடா போதாது, சணல் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டு போவோம். அளந்து முடித்ததும் அந்த மரத்தடியில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றும் எழுதச் சொல்வேன். ஆட்டோ ஸ்டாண்டு, செருப்புத் தைக்கிறவர், இஸ்திரி வண்டி, இளநீர்க்காரர், பிள்ளையார். பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பத்தியைத்தான் பிள்ளைகள் மிகுந்த அக்கறையோடு எழுதினார்கள்.

உயரம் அளக்க நிழல்தான் துணை. ஸ்கேலை நிமிர்த்தி நிறுத்தி அதன் நிழலை அளப்போம், அதே நேரம் மரத்தின் நிழலையும் அளப்போம். ஸ்கேலின் நிழலைப்போல் மரத்தின் நிழல் எத்தனை மடங்கோ, மரத்தின் உயரம் அத்தனை அடி. ஒரு தடவை முழுஆண்டுத் தேர்வுக்கு முந்திய வாரம், ஏப்ரல் கடைசியில், நடுப்பகலில் இதைச் செய்யப் போனோம். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டிருந்த பெண், "டீச்சர், ஸ்கேலுக்கு நிழலே விழலையே" என்றாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவர்களை அங்கேயே தரையில் உட்காரவைத்துச் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும் நாளைப் பற்றிச் சொன்னேன். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறை, சூரியன் உச்சிக்கு நேராக வரும். கம்பத்துக்கும் சுவருக்கும் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். இதை விளக்கிக்கொண்டிருந்தபோது நாங்கள் அத்தனை பேரும் தூங்குமூஞ்சி நிழலில் உட்கார்ந்திருந்தோம். அந்த மரத்தைத்தான் வர்தா சாய்த்தது.

அந்தக் காலம் முழுக்கப் பச்சையாக இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். அண்ணா நகர் கோபுரம் 1968இல் வர்த்தகப் பொருட்காட்சிக்காக எழுப்பப்பட்டது. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதையில் அப்பா என் கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனார். உச்சியிலிருந்து பார்த்தால் நடுவக்கரைப் பக்கம் வெட்டவெளி. கோடு கிழித்து மனை பிரித்த செம்மண், அங்கங்கே ஒரு கிணறு, தூரத்தில் சில பனைகள். 2011இல் கோபுரத்தின் மேலே ஏறுவதை நிறுத்தினார்கள், 2023இல் மறுபடி திறந்தார்கள். முட்டிவலியோடு மெல்ல மெல்ல ஏறிப் போனேன். செம்மண் எங்கும் கண்ணில் படவில்லை. அவென்யூக்களின் இருபுறமும் மரங்கள் சாலைக்கு மேலே கை கோத்து நின்றன. அரைநூற்றாண்டில் நட்டு, காத்து, வளர்த்த பசுமை அது. முன்பு இல்லாதது இன்று இருக்கிறது. சாலையை அகலமாகப் போட்டார்கள், மரத்துக்கென்று மண்ணை விட்டுவைத்தார்கள். அதனால் வந்தது.

இங்கே எங்கள் பக்கம் நடந்தது வேறு. செனாய் நகர் திரு.வி.க. பூங்காவைச் சுரங்க ரயில் நிலையப் பணிக்காக 2011இல் மூடினார்கள். ரயில் 2017 மே மாதம் ஓடத் தொடங்கியது. பூங்கா புதுக்கோலத்தில் 2023இல் திறந்தது. நான் மெட்ரோ வேண்டாம் என்கிறவள் இல்லை. மூட்டுவலிக்காரியான எனக்கு அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஐந்து வயதாக இருந்த பிள்ளைக்குப் பதினேழு வயதாகிவிட்டது. மரத்தடியில் விளையாட வேண்டிய வயசு முழுக்கத் தகரத் தடுப்புக்கு வெளியே போயிற்று. இப்போது உள்ளே நடைபாதையும் விளையாட்டுக் கருவிகளும் நேர்த்தியாக இருக்கின்றன. புதிதாக நட்ட மரங்கள் நன்றாகத்தான் துளிர்த்திருக்கின்றன. பழைய மரம் கொடுத்த நிழலை அவை கொடுக்க இன்னும் எத்தனையோ கோடை கழிய வேண்டும். பசுமைப் பரப்பு என்று ஏட்டில் எழுதும்போது புல்தரையும் பூச்செடியும் பழைய தூங்குமூஞ்சியும் ஒரே நிறம். பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் நின்றால்தான் வித்தியாசம் தெரியும்.

என் தம்பி மகள் செயற்கைக்கோள் படங்களை அலசும் வேலையில் இருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு ஒவ்வொன்றாகக் காட்டுவாள். இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் வரும். ஒன்றை நெருங்க நெருங்கச் செழிப்பான பச்சை. எழுபதுகளில் முதல் லேண்ட்சாட் படங்கள் வந்த காலத்திலேயே கண்டுபிடித்த வழி. இன்றும் நகரங்களை ஒப்பிடுகிறவர்கள் இதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த படத்தில், எங்கள் வட்டாரத்தின் காலி மனைகளெல்லாம் பச்சைப் பசேல் என்று தெரிந்தன. எல்லாம் களைச்செடியும் கருவேலமும். மே மாதப் படத்தில் பாதி பழுப்பு.

இந்தக் குறையைத் தெரிந்துகொண்டுதான் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2016இல் வேறு வழியில் போனார்கள். மேலே இருந்து பார்க்காமல் தெருவில் நடக்கிறவர் கண்ணுக்கு எவ்வளவு பச்சை தெரிகிறது என்று பார்க்கலாம் என்றார்கள். கூகுளின் தெருப்படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை புள்ளி இலையும் கிளையும் என்று கணினியை எண்ணச் சொன்னார்கள். ட்ரீபீடியா என்று அதற்குப் பெயர். அமெரிக்காவின் டாம்பா நகருக்கு 36.1 சதவீதம், சிங்கப்பூருக்கு 29.3, நியூயார்க்குக்கு 13.5, லண்டனுக்கு 12.7, பாரிசுக்கு 8.8. நம் நாட்டில் கூகுள் தெருப்படச் சேவை 2022இல்தான் சென்னை உள்ளிட்ட பத்து ஊர்களில் வந்தது, அதனால் அந்தப் பட்டியலில் சென்னை இல்லை.

"அத்தை, பாரிஸே 8.8தான். அந்த ஊர் எவ்வளவு அழகுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்போ நம்ம ஊரு ஒண்ணும் மோசமில்லையே?" என்றாள்.

"பாரிஸ் எத்தனை டிகிரியில இருக்கு, கண்ணு?"

"நாற்பத்தொன்பது."

அவளை ஒரு தாளும் பென்சிலும் எடுக்கச் சொன்னேன். ஜூன் மாதம் உச்சி வெயில் நேரத்திலும் பாரிசில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், அடிவானத்திலிருந்து 65 டிகிரிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில். இருபது மீட்டர் உயரமுள்ள கட்டிடத்தின் நிழல் அப்போது ஒன்பதரை மீட்டர் நீளம் இருக்கும். தெருவின் பாதியைக் கட்டிடமே மூடிவிடுகிறது. மரம் குறைந்தாலும் ஒரு பக்கம் ஒதுங்கி நடக்கலாம். நமக்கு ஏப்ரல் கடைசியில் அதே கட்டிடத்தின் நிழல் பூஜ்யம். ஜூன் கடைசியிலும் சூரியன் உச்சியிலிருந்து பத்து டிகிரிதான் வடக்கே நகர்ந்திருக்கும், மூன்றரை மீட்டர் நிழல் கிடைத்தால் பெரிது. அக்னி நட்சத்திரத்தில், ஊரே வெளியில் வர அஞ்சுகிற நேரத்தில், இந்த ஊரின் கட்டிடங்கள் நமக்கு எந்த உதவியும் செய்வதில்லை. தலைக்கு மேலே குடை விரிக்கிற ஒன்றுதான் உதவும். சிங்கப்பூர் ஒன்றே கால் டிகிரியில் இருக்கிறது, அவர்களுக்கும் இதே நிலைமைதான். அதைப் புரிந்துகொண்டுதான் அறுபதுகளிலிருந்தே சாலையோரம் குடைவிரிக்கும் மரமாகப் பார்த்து நட்டார்கள். இன்று அந்தக் கிளைகளைக் கழித்துப் பராமரிப்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சென்னைக்கும் எட்டு என்றே வந்தாலும், பாரிசின் எட்டும் அதுவும் ஒன்றல்ல. அட்சரேகையைச் சேர்க்காமல் நகரங்களின் பசுமையை ஒப்பிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. 2021இல் டச்சு வனவியல் அறிஞர் செசில் கோனிநென்டைக் ஒரு நல்ல விதி சொன்னார்: ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரம் கண்ணில் பட வேண்டும், வட்டாரத்தில் 30 சதவீதம் மரக்கவிகை வேண்டும், 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். நான் மதிக்கிற விதி. நம் ஊருக்கு அதோடு இன்னொன்றும் சேர வேண்டும்: சூரியன் உச்சியில் நிற்கும்போது நடைபாதையில் எவ்வளவு தூரம் நிழலிலேயே நடந்து போகலாம்?

இதை எனக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறவர் எங்கள் தெரு இஸ்திரிக்காரர். அவருடைய அப்பாவின் வண்டி காலை முதல் மாலை வரை தூங்குமூஞ்சிக்கு அடியில் ஒரே இடத்தில் நின்றது. நான்கு சக்கரத்துக்கும் முட்டுக் கொடுத்த செங்கல் மண்ணுக்குள் பாதி புதைந்து போயிருந்தது. மகன் வண்டியை ஒரு நாளைக்கு மூன்று இடம் மாற்றுகிறார். பத்தரை வரைக்கும் கிழக்குப் பக்கத்து அடுக்குமாடி நிழல். மூன்றுக்கு மேல் மேற்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்து நிழல். இரண்டு இடத்திலும் முட்டுக்கல் தனித்தனியாக வைத்திருக்கிறார். நடுவில் நாலரை மணி நேரம்?

"அப்பா காலத்துல வண்டியைத் தள்ளினதே இல்ல டீச்சர். நடுவுல தார்ப்பாய் கட்டிக்கிறேன். மேல தார்ப்பாய்ச் சூடு, கீழ பெட்டிச் சூடு. மண்டை காஞ்சு போவுது" என்றார். கரிப்பெட்டியை ஒரு கையால் ஒதுக்கிவைத்துவிட்டு, கழுத்துத் துண்டால் கைப்பிடியின் வியர்வையைத் துடைத்தார். மத்தியானம் செய்கிற வேலை பாதியாகக் குறைந்துவிட்டதாம். அவருடைய வருமானத்தில் விழுந்த அந்த ஓட்டை எந்த நகரத்தின் பசுமை அட்டவணையிலும் இல்லை.

அதன்பிறகு வந்த ஏப்ரல் 24ஆம் தேதி, என் பழைய மாணவிகள் சிலரும் தம்பி மகளும் அவள் சிநேகிதர்களுமாகச் சேர்ந்து நான்கு இடங்களுக்குப் பிரிந்து போனோம். அண்ணா நகர், பாண்டி பஜார், ஜார்ஜ் டவுன், எங்கள் பக்கத்து அமைந்தகரை. சென்னையில் அன்றைக்கு உச்சிப்பொழுது கடிகாரத்தில் 12 மணி 7 நிமிடத்துக்கு வரும். அதை ஒட்டி நடைபாதையில் நிழல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சாக்பீஸால் கோடு போட வேண்டும். கோட்டுக்குக் கோடு நீளத்தை அளந்து கூட்ட வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கும் புரிகிற கணக்கு.

அண்ணா நகர் அவென்யூக்களில் சாக்பீஸ் கோடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே போயின. பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலப்படுத்தியபோது நின்ற மரங்களைப் பெரும்பாலும் நிறுத்தியே வைத்துக்கொண்டது நல்ல பலன் கொடுத்திருக்கிறது. கடைக்கு வந்தவர்கள் நிழலில் போட்டிருந்த இருக்கைகளைவிட்டு எழுந்திருக்கவில்லை. அங்கிருந்து ரங்கநாதன் தெருப் பக்கம் போனால் ஒன்றும் இல்லை.

ஜார்ஜ் டவுனுக்கு நானே போனேன். தங்கசாலைத் தெருவில் மரத்தின் நிழல் என்று கோடு போட ஓர் இடம் தேட வேண்டியிருந்தது. அங்கே எந்தக் காலத்திலும் தெருமரம் நிறைய இருந்ததில்லை. நெருக்கமாகக் கட்டிய பழைய வணிகர் தெருக்கள் அவை. ஆனால் என் சிறு வயதில் அந்தத் தெருவில் வெயில் சுட்ட ஞாபகம் எனக்கு இல்லை. வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. திண்ணையின் மேல் ஓட்டுச் சாய்ப்பு தெருவின் பக்கம் நீண்டிருந்தது. கடைக்குக் கடை தட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். பெரியம்மாவோடு பாத்திரம் வாங்கப் போனால் ஒரு திண்ணையிலிருந்து இன்னொரு திண்ணைக்கு நகர்ந்து நகர்ந்து போவோம், யாரும் எழுந்து போகச் சொன்னதில்லை. திண்ணையை இடித்துக் கடையாக்கினார்கள், சாய்ப்பு போய்க் கண்ணாடி முகப்பு வந்தது. மரத்துக்கு இடமில்லாத ஒரு பழைய நகர மையம் தனக்கென்று கண்டுபிடித்து வைத்திருந்த நிழல் அது. இலையை மட்டும் எண்ணுகிற எந்தக் கணக்கிலும் அது வந்திருக்காது, போனதும் தெரியாது.

அமைந்தகரைக் கணக்கைத் தம்பி மகள் எடுத்தாள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம். மேலே தகடு வேய்ந்த புத்தம்புதுக் கூரை. உச்சிப்பொழுதில் கூரையின் நிழல் அச்சாக அதற்கு நேர் கீழே விழுந்தது. அதற்குள் ஏழெட்டுப் பேருக்குமேல் நிற்க முடியாது. மீதிப் பேர் வெயிலில், துப்பட்டாவையும் பையையும் தலையில் போட்டுக்கொண்டு. பேருந்து கூரைக்கு நேராக வந்து நிற்பதில்லை, முப்பது அடி முன்னால் போய் நிற்கிறது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் அந்த முப்பது அடியைத் தார்ச் சாலையில் ஓடினார். ஏப்ரல் வெயிலில் தாரின் சூடு மரநிழலில் உள்ள தரையைவிடப் பத்து டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருக்கும். குழந்தையின் காலில் செருப்பு இல்லை. நல்லவேளை, அது இடுப்பில் இருந்தது.

எங்கள் செனாய் நகரில் நடந்தபோது தம்பி மகள் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னாள். நடைபாதைக் கல் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நாலடிக்கு நாலடி ஒரு சதுரம் வேறு நிறத்தில் இருக்கும். கொஞ்ச தூரம் போனால் இன்னொரு சதுரம். "இது என்ன அத்தை, இங்க மட்டும் கல்லு மாறியிருக்கு?" என்று கேட்டாள். வர்தாவில் விழுந்த மரங்களின் குழி அவை. அடிமரத்தை அறுத்து எடுத்ததும் குழியில் கட்டிடக் கழிவைக் கொட்டி, மேலே கல் பதித்து மூடிவிட்டார்கள். இந்தச் சதுரத்தில் பூவரசு, இதில் பெருங்கொன்றை, இதில் தூங்குமூஞ்சி என்று ஒவ்வொன்றாக நான் சொல்லச் சொல்ல, அவள் கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தாள். என்னிடம் இன்னும் எண்பதுகளின் கிராஃப் தாள்கள் சில மிச்சம் இருக்கின்றன, பழுப்பேறி மடிப்பில் கிழிந்தவை. அவற்றை அவளுடைய வரைபடத்தின் மேல் பொருத்திப் பார்த்தபோது முக்கால்வாசி சதுரங்கள் சரியாக உட்கார்ந்தன.

அந்தப் பட்டியலைத்தான் வரும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். புதிய பூங்கா கேட்கவில்லை, இரண்டரை ஏக்கரில் அடர்வனம் கேட்கவில்லை. அது வந்தால் மகிழ்ச்சி, 2020இல் கோட்டூர்புரத்தில் மியாவாக்கி முறையில் போட்ட வனம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. நாங்கள் கேட்பது மூடிய குழிகளைத் திறந்து தரச் சொல்லி. கழிவை அள்ளிவிட்டு மூன்றடி ஆழத்துக்குச் செம்மண்ணும் எருவும். அடிமரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமென்ட் கூடாது. டெல்லியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே அப்படி உத்தரவு போட்டிருக்கிறது. மேலே மின்கம்பி போகிற பக்கம் புங்கை, கம்பி இல்லாத பக்கம் வேம்பு. மயில்கொன்றை வேண்டாம், பூ கண்ணைப் பறித்தாலும் காற்றில் முதலில் முறிவது அதுதான். கன்று இடுப்பளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். புரட்டாசி மழை தொடங்கும் முன் நட்டுவிட்டால் ஐப்பசி கார்த்திகையில் தானே பிடித்துக்கொள்ளும், அடுத்த கோடை இரண்டுக்கு மட்டும் யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும். இஸ்திரிக்காரர் தன் பழைய இடத்துக் குழிக்கு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார். மண்டபத்துக்கு எதிரில் இருக்கிற இரண்டு குழிக்கு இன்னும் ஆள் சேர வேண்டும்.

ஆகஸ்ட் 18இல் சூரியன் மறுபடியும் உச்சிக்கு வரும். அன்றைக்கு நெடுஞ்சாலையின் பேருந்து நிறுத்தங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கோயம்பேட்டிலிருந்து சென்ட்ரல் வரை அளக்கப்போகிறோம். ஜார்ஜ் டவுனுக்குத் தனியாக ஒரு குழு போகிறது. கொத்தவால்சாவடித் தெருக்களை நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் யாராவது கூட வந்தால், மிச்சமிருக்கும் திண்ணைகளையும் சாய்ப்புகளையும் சேர்த்தே அளந்துவிடலாம். பதினொன்றரைக்குப் பூக்கடை காவல் நிலையத்துக்கு எதிரில் நிற்போம். நாடாவும் சாக்பீஸும் நாங்கள் கொண்டுவருகிறோம்.